ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாட்டரி

வீட்டு இன்வெர்ட்டருக்கு பாட்டரி மாட்டுகிறவனிடம் யங்கூனில் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை, எத்தனை மணி நேரம் தாங்கும் என்றுதான் கேட்பார்கள். முறை வைத்து வரும் கரண்ட்டை நம்பிக் குடித்தனம் நடத்தும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் ஃபேன் ஓடாது, பாட்டரி கொஞ்சம் கூடுதலாக நிற்கும் என்று நீங்களும் நம்பியிருப்பீர்கள். எனக்கு அதில் சொந்த ஆசை ஒன்றும் உண்டு. என் மகள் செல்வி ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் அவளுக்குப் பேச நேரம். எங்கள் பபேடான் தெருவில் கரண்ட் போனால் மொபைல் டவரும் படுத்துவிடும். வைஃபை பெட்டிக்கு பாட்டரி இருந்தால்தான் அவள் முகத்தைப் பார்க்கலாம்.

வாளி குடித்த கரண்ட்

க்யிம்யிண்டைங் பேட்டையில் தங்கம் என்று ஒரு ரிட்டயர்டு டீச்சர்; பர்மிய மரியாதைப்படி எனக்கு அவர் டோ தங்கம், அவருக்கு நான் கோ சேகர். நான் மாட்டியது டூப்ளிகேட் பாட்டரி என்று போனிலேயே பாடம் நடத்தினார். போய்ப் பார்த்தால், குளியலறை வாளியில் வெந்நீர்க் கம்பி, சுவிட்ச் போட்டபடி கிடக்கிறது. கரண்ட் வந்தது தெரிய வேண்டுமே என்று நம்மில் யாரும் சுவிட்சை அணைப்பதில்லையே. வந்ததும் தண்ணீர் தானே சுடட்டும் என்று விட்டிருக்கிறார். கம்பி இருந்ததோ இன்வெர்ட்டர் லைனில், கரண்ட் போனதும் பாட்டரியைக் குடித்துவிட்டது.

இந்த ஊர்க் குளிருக்குப் பச்சைத் தண்ணீரே போதுமே டீச்சர் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருஷத்துக்கு மூணு வாரந்தான் நமக்குக் குளிர் கெடைக்குது கோ சேகர். அதுலயும் வெந்நீர்ல குளிக்கலைன்னா, அப்புறம் எதுக்கு அந்தக் குளிரு?"

ஃபிரிட்ஜில் ஒரு டப்பா

ஜனவரி முதல் ஞாயிறு காலை மிங்கலாடோனுக்குப் போனேன். கோ அந்தோணி வீட்டு பாட்டரி அடியோடு செத்திருந்தது. பாட்டரியை எது தின்கிறது என்று பார்க்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். மேல் தட்டில் ஒரு டப்பா பன்றிக்கறி, வேறொன்றும் இல்லை. "இதுக்கா ஃபிரிட்ஜ் ஓடுது? இன்னிக்கே சாப்பிட்டு முடிச்சு அமத்திடுங்க, பாதி கரண்ட் மிச்சம்" என்று என் வழக்கமான உபதேசத்தை ஆரம்பித்தேன். அவர் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டார்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றானாம். அவனுக்காகச் செய்த கறியாம். பிறகு அடுத்த வாரம் என்றானாம், இன்னும் அடுத்த வாரமாகவே இருக்கிறதாம். கோ அந்தோணி டப்பாவை இருந்த இடத்திலேயே விட்டு ஃபிரிட்ஜை மூடினார். "அத எடுத்துத் தின்னுட்டா அவன் வரலைன்னு ஆயிடும் கோ சேகர்."

எங்கள் வீட்டு முறை

கடைக்குப் புது பாட்டரி திங்கட்கிழமைதான் வரும். எங்கள் தெருவுக்கு அந்த ஞாயிறு சாயங்காலம் நாலு மணி முதல் கரண்ட் முறை. அந்தத் தைரியத்தில் என் வீட்டு பாட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் அவர்களுக்கு மாட்டிவிட்டு வந்தேன். பொங்கலுக்கு லீவு உண்டா இல்லையா என்று செல்வி சொல்ல வேண்டிய ஞாயிறும் அதுதான்.

நாலு மணிக்குக் கரண்ட் வரவில்லை. முறையை மாற்றிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஐந்து மணிக்குச் சட்டையை மாற்றி, தலை சீவி, செத்துக் கிடந்த வைஃபை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷமாக அவளை நேரில் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் போல அத்தனை ஏக்கமாக இருந்தது. ஏழு மணிக்கு "மீ லா பி" என்று தெருவே கூவியது. கரண்ட் வந்துவிட்டது. கூடவே, செல்வி ஐந்தரைக்குப் பேசி அனுப்பியிருந்த குரல் மட்டும் போனில் வந்து விழுந்தது. "பொங்கலுக்கு லீவு கெடைக்கலப்பா. ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்லணும்னு அரை மணி நேரமா கூப்ட்டுப் பாத்தேன், இப்ப டியூட்டிக்குப் போறேன்."

கரண்ட்டைச் சேர்த்து வைக்க நூறு வழி சொல்லித் தருவேன், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைச் சேர்த்து வைக்கிற பெட்டியை இன்னும் எந்தக் கம்பெனியும் என் கடைக்கு அனுப்பவில்லை.