சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு தூக்கம்

என் வீட்டுக்காரர் வீடு வரைகிறவர். மனையில் ஒரு நாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் பென்சிலைத் தொடுவார். மரத்தை வெட்டச் சொன்னால் வேலையே வேண்டாமென்று வந்துவிடுவார். அவர் வரைந்த வீடுகளில் பகலில் மின்விசிறிகூட வேண்டாம். நாங்கள் குடியிருந்ததோ மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஊருக்கெல்லாம் குளுகுளு, பெண்டாட்டிக்கு வறுவல்!

நான் நர்ஸ். பதினோரு வருஷமாக ராத்திரி டியூட்டி. காலை எட்டுக்குப் படுத்தால் ரெண்டு மணிவரை தூங்கவேண்டும். தகரத்தின் கீழ் எங்கே தூங்குவது? ஊசி போடும்போதே கண் சொருக ஆரம்பித்திருந்தது. கட்டப்போகிற சொந்த வீட்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தூங்க ஓர் அறை.

அஸ்திவாரம் தோண்டுகிற அன்று, டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராக மனைக்குப் போனேன். நடுவில் நின்ற பெரிய மரத்தைச் சுற்றி, அறைகளுக்குச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார். முகமெல்லாம் பெருமை.

"இதான் உன் ரூம். கிழக்குப் பக்கம். சாயங்காலமே சுவரெல்லாம் ஆறிடும். ராத்திரி ஜிலுஜிலுன்னு இருக்கும் பாரு."

"ராத்திரி நான் எங்கங்க இருப்பேன்?"

மனுஷன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எல்லாருக்கும் இப்படியே வரைஞ்சு... பழக்கதோஷம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஸ்திரியின் பாயைப் பிடுங்கி அந்தக் கோட்டுக்குள்ளேயே படுத்துக் காட்டினேன். வெயில் பளீரென்று கண்ணில் குத்தியது. பாயை இழுத்துக்கொண்டு மேற்கே போனேன். சாமான் அறைக்குப் போட்ட கோட்டுக்குள் மரத்து நிழல் விழுந்திருந்தது.

"உங்க வீட்டை நீங்களே கட்டிக்குங்க!" என்று படுத்தவள்தான். தூங்கிப்போனேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் மேஸ்திரி சொல்லித்தான் தெரியும். "யாரும் மண்வெட்டியைத் தொடாதீங்க, அவ தூங்கட்டும்" என்று இவர் எல்லோரையும் வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டாராம். நிழல் நகர்ந்ததும் குடையை விரித்து என் தலைமாட்டில் நட்டாராம். காலாலேயே பழைய கோடுகளை அழித்தாராம்.

கண் விழித்தபோது மணி ரெண்டேகால். என்னைச் சுற்றிப் புதுச் சுண்ணாம்புக் கோடு. கால்மாட்டில் மட்டும் வாசலுக்கு இடைவெளி. அதற்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

"சுவர் எழும்பிட்டா, நீ எந்திரிச்ச பிறகுதான் இந்தப் பக்கம் வெயிலே வரும்" என்றவர், தயங்கி, "உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காட்டிக்கொள்வேனா?

"வாங்க. கதவைச் சாத்திட்டு வாங்க" என்றேன்.