பஞ்சவர்ணம் அக்கா இறங்கிய தண்ணீர்

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவுக்கு நேற்று செப்டிக் டேங்க் லாரி வந்தது. குழாயை இறக்கியதுமே ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்தினார்கள். நான் மட்டும் வாசலில் நின்று முகர்ந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். என்ன செய்வது, என் முதல் உத்தியோகத்தின் வாசனை அது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். சாக்கடைத் தண்ணீருக்குள் இடைவிடாமல் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால் நாற்றம் போய், மழை விழுந்த செம்மண்போல மணக்கும். கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஒரு சின்ன ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. தண்ணீரைச் சோதித்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அதற்கென்று ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள், என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம். மோட்டார் ஓட்டும் செல்வராசு அண்ணன், “கோட்டு வருது, உள்ள ஆளு இருக்கா பாருங்க” என்பார்.

சுத்தமான தண்ணீர் வாய்க்கால் வழியே பக்கத்துக் கண்மாய்க்குப் போகும். அங்கே தாமரையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பஞ்சவர்ணம் அக்கா. காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மொட்டுப் பறித்து, கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புவார். கோட்டைப் பார்த்து என்னை ‘டாக்டரம்மா’ என்றே கூப்பிட்டார். நானும் திருத்தவில்லை. மரியாதை யாருக்குத்தான் கசக்கும்?

ஒரு கோடையில் காற்றுக் கொடுக்கும் மோட்டார்கள் இரண்டும் அடுத்தடுத்துக் கருகிவிட்டன. மேலே கடிதம் போட்டோம், பதில் இல்லை. தொட்டி நிரம்பினால் சாக்கடை எதிர்த்து ஊருக்குள் ஏறிவிடும் என்பதால், செல்வராசு அண்ணன் வால்வைத் திறந்து அப்படியே வாய்க்காலில் விட்டார். திறக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் அக்கா வந்தார். கையில் விரியாமலே கருத்துப்போன ஒரு மொட்டு.

“தண்ணி கறுப்பா வருதே, டாக்டரம்மா. எறங்கலாமா? நீங்க சொன்னா எறங்குறேன்.”

அன்று காலையில்தான் அந்தத் தண்ணீரைச் சோதித்து, மோசம் என்று எழுதியிருந்தேன். ரிஜிஸ்டர் மேஜைமேல் திறந்தே கிடந்தது. இந்த வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

“வெயிலுக்கு அப்படித்தாங்க்கா இருக்கும். எறங்குங்க.”

தாமரைத் தண்டில் முள் உண்டு. தினமும் காலைக் கீறும், தானே ஆறிவிடும். அந்த முறை ஆறவில்லை. கால் வீங்கிச் சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் பெருமையாக என்னைக் காட்டினார்.

“இந்தப் புள்ளதான் தண்ணிய சோதிச்சுச் சொல்லும். தண்ணியில ஒண்ணுமில்ல. என் ஒடம்புதான் கெட்டுப்போச்சு.”

நான் குனிந்து பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நானும் செல்வராசு அண்ணனும் ‘தண்ணீரில் இறங்காதீர்கள்’ என்று பலகை எழுதிக் கண்மாய்க் கரையில் கட்டினோம். அந்த வாரமே என்னை நிறுத்திவிட்டார்கள். அண்ணனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புது மோட்டார் வந்தது பொங்கலுக்குப் பிறகு. அதற்குள் சேற்றுக்கடியில் தாமரைக் கிழங்கெல்லாம் அழுகிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை அக்கா வீட்டுக்குப் போனேன். முதல் முறை டீ போட்டுக் கொடுத்து, மகள் கல்யாணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் முறை, போன மாசியில், வீடு பூட்டியிருந்தது. மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகவும், விலாசம் தெரியாது என்றும் எதிர்வீட்டில் சொன்னார்கள்.

திரும்பும்போது கண்மாய்க் கரையில் ஏறினேன். தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. முன்பெல்லாம் காலடிச் சத்தம் கேட்டாலே நீர்க்கோழிகள் படபடத்து ஓடும். அன்று கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். ஒன்றும் ஓடவில்லை.