நோய் அல்லது கள்ளம்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பையும் குற்றங்களையும் பற்றிய ஓர் ஆய்வுக்கு, பிள்ளைகளிடம் கேட்டுக் கேள்வித்தாள் நிரப்புவது என் வேலையாக இருந்தது. பெயர் எழுதத் தேவையில்லை, பெட்டிகளில் புள்ளடி போட்டால் போதும்.

கானாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண், பதினாறு வயது, அந்த வருடம் பல நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை என்றாள். தாய்க்கு ஜெர்மன் தெரியாது. அலுவலகங்களில் டெர்மின், அதாவது சந்திப்புக்கு நாள் குறித்து, வந்தால் மொழிபெயர்க்க இவள்தான் கூடப் போகவேண்டும். தாளிலோ இரண்டே பெட்டிகள். ஒன்று நோய், மற்றது பள்ளிக்குக் கள்ளம்.

என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்காவிடம் முறையிட்டேன்.

"ஓம், விளங்குது. ஆனா அதுக்குப் பெட்டி இல்லையே. கள்ளம் எண்டு போடும்."

"நீங்களும் உங்கட அம்மாவோட இப்பிடிப் போனனீங்கள்தானே அக்கா?"

"போனனான்தான். என்னை ஆர் எண்ணினது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிய தாள் ஒன்றை எடுத்து என் பதினாறாவது வயதை நிரப்பினேன். நானும் மொழிபெயர்க்க அம்மாவோடு அலைந்த நாட்களெல்லாம் கள்ளம். ரயில் நிலையத்தில் போலீஸ் சும்மா மறித்து அடையாள அட்டை கேட்டதெல்லாம் 'போலீசுடன் தொடர்பு'. அதைக் கட்டுக்குள் செருகிவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் ஆய்வை நடத்திய பேராசிரியர் அந்தத் தாளைத்தான் தூக்கிக் காட்டினார். இந்தப் பிள்ளை படிப்பை முடிக்கவே முடிக்காது என்றார். அது நான்தான் என்றேன்.

அவர் தாளைத் தனியே வைத்தார். அப்படியென்றால் இதை மட்டும் எடுத்துவிடுவோம், மற்றத் தாள்களில் பிழை இல்லையே என்றார்.