கப்பல் காப்புறுதியில் சொல்லாமல் விட்டது

2022ஆம் ஆண்டின் பிற்பகுதி. கொரோனா முற்றாக ஓயவில்லை. ஆனால் உல்லாசக் கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தன. இங்கே பெற்றோல் வரிசைகள் சற்றுக் குறைந்திருந்த நேரம். நாங்கள் இருப்பது கிளிநொச்சிக்குப் பக்கத்தில், முரசுமோட்டையில். கணவர் வயல் செய்கிறார். நான் அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளர்.

கனடாவில் இருக்கும் என் ஒரே தம்பிக்கு அந்த வருடம் ஐம்பது வயது. சிங்கப்பூரில் புறப்பட்டு அங்கேயே திரும்பி வரும் கப்பலொன்றில் எங்கள் இருவருக்கும் சேர்த்து இடம் எடுத்துவிட்டான். இருபது வருடங்களுக்கு மேலாக அவனை நான் நேரில் பார்க்கவில்லை. செலவெல்லாம் அவனுடையது. ஒரேயொரு வேலையை மட்டும் என்னிடம் விட்டான்: கொரோனாவையும் சேர்த்துக்கொள்ளும் பயணக் காப்புறுதி. அது இல்லாவிட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

இப்படிப்பட்ட வேலை எனக்குப் பிடிக்கும். நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். எதையும் வரிவரியாகப் பார்த்தால்தான் மனம் ஆறும். மூன்று திட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஒன்று கொரோனா வந்தால் ஆஸ்பத்திரிச் செலவைத் தரும், கப்பல் அறையில் தனிமைப்படுத்தினால் தராது. இன்னொன்று தரையில் நேர்வதற்கு மட்டும்தான். கடலில் இருக்கும்போது வருவது அதில் சேராது. மூன்றாவதில் தனிமைப்படுத்தலும் இருந்தது, கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவும் இருந்தது. விலை கூட. அதையே எடுத்தேன்.

"விதைநெல் தெரிஞ்செடுக்கேக்கையும் நான் இவ்வளவு பாக்கிறேல்லை," என்று கணவர் சிரித்தார்.

வவுனியாவிலிருந்து காப்புறுதி முகவர் தொலைபேசியில் பேசினார். இளம் பெண். சீனி வருத்தம், இருதய வருத்தம், ஆஸ்துமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குப் பிரஷர் குளிசை உண்டு என்று சொன்னேன். பிறகு முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த கணவரைப் பார்த்துக் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு வேற வருத்தம் ஏதும் இருக்கே?"

"இருக்கு. நீர் கேக்கிற கேள்வியள்தான்."

முகவரும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "ஒண்டுமில்லை எண்டு போடட்டோ அன்ரி?"

"ஓம், போடுங்கோ," என்றேன்.

கப்பலில் முதல் இரண்டு நாளும் சந்தோஷம்தான். தம்பிக்குத் தலை நரைத்திருந்தது. அது எனக்குப் புதிது. மூன்றாம் நாள் காலை கணவருக்கு இருமல், காய்ச்சல். பரிசோதித்தார்கள், கொரோனா. அவரைத் தனிமைப்படுத்தும் அறைக்குக் கொண்டுபோனார்கள். எனக்குத் தொற்று இல்லை. ஆனாலும் பக்கத்து அறையில் அடைத்தார்கள். தம்பி மேல்தளத்தில். மூவரும் ஒரே கப்பலில், தொலைபேசியில்தான் கதை.

மத்தியானம் கப்பலின் வைத்தியர் அழைத்தார். மூச்சு சரியில்லாததால் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்களாம். முதுகுப் பக்கம், நுரையீரலுக்கு அருகில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது, அது என்னவென்று கேட்டார். படத்தை அனுப்பினார். புளியங்கொட்டை அளவில், ஓரம் பிய்ந்த ஒரு துண்டு.

எனக்குத் தெரியும். யுத்தத்தின் கடைசி மாதங்களில், புதுக்குடியிருப்புப் பக்கம் இடம்பெயர்ந்து இருந்தபோது அவருக்குப் பட்ட ஷெல்லின் துண்டு. எடுப்பதைவிட விடுவது நல்லது என்று அப்போது வைத்தியம் பார்த்தவர்கள் சொன்னார்கள். விட்டுவிட்டோம். கிணற்றடியில் அவர் குளிக்கும்போது அந்தத் தழும்பை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். மாரி காலத்தில் அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவதும் நான்தான். ஆனால் முகவர் கேட்டபோது அது நினைவுக்கே வரவில்லை. மறைக்கவில்லை; வரவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. இதை யார் நம்புவார்கள்?

அடுத்த நாள் விடியக் கப்பல் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கட்டும். கட்டியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் வைத்தியர். செலவை ஏற்பதாகக் காப்புறுதியிடமிருந்து கடிதம் வேண்டும். வராவிட்டால் பெரிய தொகை முன்பணம். முழுவதும் தம்பியின் தலையில் விழும். முன்பே உள்ள நோயை மறைத்தால் முழுக் காப்புறுதியும் செல்லாது என்ற வரியை நானே அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

உட்கார முடியவில்லை. கட்டிலைச் சுற்றி நடந்தேன். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அது அங்கேயே ஆறியது. திறக்க முடியாத யன்னலுக்கு வெளியே கடல் போய்க்கொண்டே இருந்தது. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது எரிச்சலாக இருந்தது. சுவரில் காதை வைத்து அவருடைய இருமலைக் கேட்டேன். இருமினால் பயம், இருமாவிட்டால் அதைவிடப் பயம்.

கணவர் அழைத்தார்.

"இஞ்சரும், தெரியாதெண்டு சொல்லிவிடும். உள்ளுக்க கிடக்கிறது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் கதைக்காதேங்கோ. மூச்சு வாங்குது."

"நான் கதைக்காட்டி நீர் எல்லாத்தையும் ஒப்புவிச்சுப் போடுவீர்."

அதை வைத்ததும் தம்பி.

"அக்கா, அத்தானுக்கு முதுகில என்ன? டொக்டர் கேக்கிறா, நான் முழுசிக்கொண்டு நிக்கிறன்."

"ஷெல் துண்டு."

"இத்தனை வருசமா போனில கதைக்கிறம். ஒருக்காலும் சொல்லேல்லையே," என்றான்.

"எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேட்டனீ. நல்லா இருக்கிறம் எண்டு சொன்னனான். நல்லாத்தானேடா இருந்தம்."

அவனுக்குக் கொடுத்த பதிலைத்தான் முகவருக்கும் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தெரியாது என்று சொன்னால் தப்பிவிடலாம். ஆனால் அந்த மனிதர் பதின்மூன்று வருடம் சுமந்ததை, நான் எண்ணெய் தேய்த்த இடத்தை, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. முகவரை அழைத்தேன்.

"தங்கச்சி, அவருக்குக் கொரோனா. எக்ஸ்ரேயில முதுகில ஷெல் துண்டு தெரியுது. அது எங்களுக்கு முதலே தெரியும். வருத்தமெண்டு நினைக்கேல்லை. நீங்கள் கேட்ட நேரம் ஞாபகம் வரேல்லை. உள்ளது இதுதான், இப்பிடியே எழுதுங்கோ."

எதிர்ப்பக்கம் தட்டெழுதும் சத்தம் பாதியில் நின்றது.

"அன்ரி, நான் உங்களிட்ட ஒரு கேள்வியை விட்டிட்டன்," என்றார் மெதுவாக. "உடம்பில இரும்பு, பிளேட் ஏதும் கிடக்கோ எண்டு கேக்கவேணும். சண்டைக்குள்ள கிடந்து வந்த வன்னி ஆக்களிட்ட நான் அதைக் கேக்கிறேல்லை. கேட்டா எத்தினை பேருக்கு ஓம் எண்டு எழுதுறது? என்ர அப்பாவின்ர காலுக்கையும் கிடக்கு."

"உங்களுக்கு ஏதும் பிரச்சினை வருமே பிள்ளை?"

"வரட்டும். நான் கேக்கேல்லை எண்டதையும் சேர்த்துத்தான் எழுதுறன்."

கப்பல் கட்டி, மற்றப் பயணிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கடிதம் வந்தது. கொரோனாச் சிகிச்சையை ஏற்கிறார்கள். அந்தத் துண்டு சம்பந்தமான எதையும் ஏற்க மாட்டார்கள். நியாயம்தான். அதற்காக எடுத்த ஸ்கானுக்குத் தம்பி பணம் கட்டினான். முகவருக்கு மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்ததாகப் பிறகு அறிந்தேன். வேலையில் இப்போதும் இருக்கிறார்.

கணவர் சுகமாகி வெளியே வரும்வரை தம்பி திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுக் காத்திருந்தான். விடுதி அறையில் அவர் சட்டையைக் கழற்றியபோது கிட்டப் போய், கேட்காமலே தழும்பின் மேல் விரலை வைத்தான்.

"நோகுதோ அத்தான்?"

"மழைக்கு முதல் நாள் மட்டும். ரேடியோக்காரன் பிழைவிட்டாலும் இது பிழைவிடாது."

தம்பி சிரிக்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் போனில் அவன் "எப்பிடி இருக்கிறீங்கள்" என்பதோடு விடுவதில்லை. அத்தானின் முதுகையும் தனியாக விசாரிக்கிறான். எனக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது: யார் சுகம் கேட்டாலும், ஒன்றுமில்லை என்று வாய் எடுக்கும் முன் ஒரு கணம் நின்று, நாங்கள் எவற்றையெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லப் பழகியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.