மனப்பாடமாய் வாசித்த பத்து வரி

ஆயர் ஐயா, எனக்குப் படிக்கத் தெரியும் என்று சபை முன்னால் நீங்கள் சொன்னது பொய். பொய் என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியும்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பசை போடுகிறவள். உங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. புருஷன் செத்து ஏழு வருஷம். ஒரே மகள். அவளாகப் பார்த்து ஜோலார்பேட்டையில் ஒரு ரயில்வேக்காரர் வீட்டில் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் என்னோடு பேசக் கூடாது. துணி காயப்போட மாடிக்குப் போகும்போது போனில் மெதுவாகப் பேசிப் பதிவு பண்ணி அனுப்புவாள். வேலை விட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்பேன். என் வீட்டில் கேட்ட இன்னொரு குரல் அது ஒன்றுதான்.

உங்கள் கோயில் பின்னால் இருக்கும் கூடத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதியோர் வகுப்பு, எந்த மதமானாலும் வரலாம் என்றார்கள். ஷிப்ட் முடிந்து போனேன். விரலில் பசை காய்ந்திருக்கும், பென்சில் ஒட்டிக்கொள்ளும். டீச்சர் சின்னப் பெண், நல்ல பெண். ஒரு வருஷ வகுப்பு என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். மூன்றாம் மாதமே வகுப்புக்குப் பண உதவி செய்கிறவர்கள் வெளியூரிலிருந்து பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அன்றோடு எழுத்து நின்றது. 'ம' வரிசையில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட என்னை நிறுத்துவதாக முடிவானது. அதற்குப் பிறகு டீச்சர் வேதத்தில் பத்து வரியைச் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். மிஷின் சத்தத்திலும் அதையே முணுமுணுத்தேன். பக்கத்தில் வேலை செய்கிறவள் "இன்னாக்கா, மதம் மாறிட்டியா" என்று கிண்டல் பண்ணினாள். முந்தின நாள் பயந்துபோய் உங்களிடமே வந்தேன். எழுத்து பாதி தெரியாது ஐயா, வேறு யாரையாவது நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன்.

"புத்தகத்தப் பாத்துக்கினே சொல்லும்மா. கர்த்தர் பாத்துப்பார்" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு பத்து வரியும் சொன்னேன். கேமரா ஓடியது. கை நாட்டு வைத்துக்கொண்டிருந்த பெண் இன்று வேதம் வாசிக்கிறாள் என்று மைக்கில் சொன்னீர்கள். கை தட்டினார்கள். சர்டிபிகேட் கொடுத்தீர்கள். மறுநாள் மாலை வகுப்புக்குப் போனேன். கூடம் பூட்டியிருந்தது. டீச்சரை வேலையை விட்டு அனுப்பிவிட்டதாக, கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளை சொன்னார். பூட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எழுத்து படிக்கப் போக வேறு இடம் எனக்கு இல்லை.

நீங்கள் போட்ட வீடியோவை என் மகள் பார்த்துவிட்டாள். மாடியிலிருந்து அழுதுகொண்டே பேசி அனுப்பினாள். "அம்மா, இனிமே எழுதறேம்மா. நீயும் பேசி அனுப்பாத. மாமியாருக்குக் கேக்குது."

அதுதான் கடைசியாகக் கேட்ட குரல். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எழுத்து.

இல்லடி, எனக்குத் தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தெருவே வந்து எனக்குக் கை கொடுத்துப் பாராட்டியிருந்தது. போனை யாரிடமாவது காட்டினால் என் மானமும் போகும், மகள் வீட்டுச் சங்கதியும் தெருவுக்கு வரும். அதனால் அவள் எழுதினதற்கெல்லாம் போனில் இருக்கும் கும்பிடும் கைப் படத்தை அனுப்பினேன். அவள் எழுதுவாள், நான் கும்பிடு போடுவேன். நான்கு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் எழுத்தும் நின்றது.

ஆம்பூரில் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று வேலூர் லாங் பஜாருக்கு பஸ் ஏறிப் போய் அரிச்சுவடி வாங்கினேன். பேத்திக்கா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். 'ம' வரிசையிலிருந்து தனியாக ஆரம்பித்தேன். எட்டு மாதம் ஆனது. பிறகு போனைத் திறந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"ஆஸ்பத்திரில இருக்கேன். கொழந்த தங்கல. ஒரு தடவ வாம்மா."

அதற்குக் கீழே என் கும்பிடு.

"எல்லாத்துக்கும் கும்பிடுதானாம்மா?" அதற்குக் கீழேயும் கும்பிடு.

அன்றைக்கே ரயில் ஏறினேன். மகள் கேட்டுக்கு உள்ளேயே நின்றாள், இளைத்திருந்தாள். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது என்று சொன்னேன். அவள் கத்தவில்லை.

"நீ புக்கப் பாத்துப் படிச்சத நானே பாத்தேன். பொய் சொல்லாத. போம்மா."

நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீங்கள் சொன்னால் நம்புவாள். அந்த வீடியோவை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். இதுவரை இரண்டு தடவை உங்களிடம் வந்தேன். இரண்டு தடவையும் அறைக்குள் உட்காரவைத்து, தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டீர்கள். என் பொய்யை நான் மகளிடம் ஒத்துக்கொண்டேன். உங்கள் பங்கு பாக்கி இருக்கிறது. அன்றைக்கு வாசித்தவளுக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்தேதான் நிறுத்தினேன் என்று வரும் ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில், அதே மைக்கில், கேமரா ஓடும்போது சொல்லுங்கள். முடியாது என்றால் அதையும் அங்கேயே நின்று சொல்லுங்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.