மாமா பொறுக்கிய ஜோடி

ஷூ அட்டைப் பெட்டிக்குள், மெத்தென்ற லைனிங் தோலில் சுற்றி, பழைய ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் இரண்டு கிடக்கின்றன. உச்சியில் ஒரே வெள்ளிப் பூச்சு, ஒரே மாதிரி எழுத்து, அடியில் ஒரே கறுப்பு. இரட்டைப் பிள்ளைகள் கெட்டார்கள், போங்கள்! ஒன்றின் கண்ணாடி மட்டும் உள்ளே பழுப்பேறியிருக்கிறது. மாமா போய்ச் சேர்ந்த பிறகும் அக்கா இவற்றைத் தூக்கிப் போடவில்லை.

மாமா என்றால் அக்காவின் புருஷன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கும் வேலை. வலது காலுக்கும் இடது காலுக்கும் வெட்டிய தோல் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்து, நிறமும் ரேகையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். தான் சேர்த்த ஜோடி திரும்பி வந்ததே இல்லை என்று சொல்லிக்கொள்வார். சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அப்படியொரு பெருமை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பார். அவருடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடேறிவிட்டால் வரும் சத்தத்தில் ஒரு கதகதப்பு இருக்கும்; வேறு எதிலும் எனக்கு அது கேட்டதில்லை.

சர்ச்சுக்குப் புதிதாகக் கீபோர்டு வந்ததும் கிட்டார் எதற்கு என்று முணுமுணுப்பு கிளம்பியது. அறுப்பின் பண்டிகையில் மாமா வாசிக்கட்டும், கேட்டுவிட்டு முடிவு பண்ணலாம் என்று ஆயர் சொல்லிவிட்டார். பாழாய்ப்போன வால்வு அந்த நேரம் பார்த்தா சாக வேண்டும்! ஆம்ப்ளிஃபயரில் வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும்; மாற்றினால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பெங்களூருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்கார பாய் ரப்பர் பேண்டு போட்ட ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். ஒன்றில் எழுத்து பளிச்சென்றும், இன்னொன்றில் அழிந்துபோயும் இருந்தது. மாமா முகம் சுளித்தார். ரப்பர் பேண்டைக் கழற்றி, அழிந்ததை ஒதுக்கி, தட்டில் கிடந்தவற்றைத் துழாவி, பளிச்சென்று இன்னொன்றை எடுத்துச் சேர்த்தார்.

"சாப், மூஞ்சில இன்னா கீது? ரெண்டும் இழுக்கிற கரண்டு ஒண்ணா இருக்கணும். மீட்டர் வெச்சிப் பாத்துக் கட்டுன ஜோடி அது."

"ஜோடி சேக்கறத எனக்கே சொல்லித் தர்றியா பாய்?" என்றார் மாமா. பாய் சிரித்துவிட்டு மாமா சேர்த்ததையே கட்டிக் கொடுத்தார்.

பண்டிகையன்று இரண்டாவது பாட்டிலேயே ஒரு வால்வு கனல் மாதிரி சிவந்தது. 'ஙொய்' என்று ஓர் இரைச்சல், கருகல் வாடை, அப்புறம் சத்தமே இல்லை. கீபோர்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமாவின் விரல்கள் பாட்டு முடியும்வரை தந்திமேல் ஓடிக்கொண்டே இருந்தன. யாருக்கும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் பரண்மேல் ஏறிவிட்டன. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று நான் எப்போது வாயெடுத்தாலும், "வுடுறா, அதோட ஆயுசு முடிஞ்சிபோச்சி" என்பார். தப்பு பாய்மேல் இல்லை என்று மனுஷனுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் பேஜார். பாய் மோசம் பண்ணியிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மறுபடி வாசித்திருப்பார். கம்பெனியில் மட்டும் கடைசிவரை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் அக்காவிடம் கேட்டு அந்த ஆம்ப்ளிஃபயரை வேலூருக்குப் பழுது பார்க்க எடுத்துப் போனேன். உள்ளே டிரான்ஸ்பார்மர் கருகியிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் புதிதாகக் கம்பி சுற்றி வாங்கினேன். மீட்டரில் பார்த்துச் சேர்த்த வால்வு ஜோடி ஒன்றையும் வரவழைத்தேன். ஒன்றில் எழுத்து கோணல், இன்னொன்றில் பாதி காணோம். மாமா பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். அக்கா வீட்டில் அதை மாட்டிவிட்டு, மாமாவின் கிட்டாரை எனக்குத் தெரிந்தவரை அரைகுறையாக மீட்டினேன். அதே கதகதப்பு.

அடுப்படியிலிருந்து அக்கா வந்து நின்றாள்.

"சரி பண்ண எவ்ளோ நாள்டா ஆச்சி?"

"ரெண்டு நாள்க்கா."

"ரெண்டே நாளா? இதுக்கா அந்த மனுஷன் சாவுற வரைக்கும் கிட்டாரத் தொடாம இருந்தாரு?"

அக்கா ஷூ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மாமா பொறுக்கிய அந்த இரண்டையும் மறுபடி தோலில் சுற்றி மூடினாள்.