விருந்தாளி டீ

விருந்தாளி வந்தால் மட்டுமே டீ என்பது அம்மா போட்ட விதி. பக்கத்து வீட்டில் இஞ்சி தட்டும் சத்தம் கேட்டதும் அது நினைவுக்கு வந்தது.

சின்ன வயதில், திருமானூர் வீட்டில், அக்கா அதற்கொரு வழி கண்டாள். கொல்லைப்பக்கமாக வெளியே போய், முன்வாசலில் நின்று, "வூட்டுல யாருங்க?" என்பாள்.

"வாங்க, எந்த ஊரு?" அம்மா சிரிக்காமல் கேட்பாள்.

"அரியலூருங்க. தம்பிக்கும் சேத்துப் போடுங்க."

வெல்லம் போட்ட அந்த டீதான் என் முதல் டீ. பிறகு அக்கா அரியலூரிலேயே வாழ்க்கைப்பட்டு, பொய்யை முறைப்படுத்தினாள்.

அம்மா போய்விட்டாள், விதியை யாரும் ரத்து செய்யவில்லை. பெரம்பலூரில் தனியாக இருக்கும் எனக்கு விருந்தாளியும் இல்லை, டீயும் இல்லை. "டீ குடிக்க வா" என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். அது ஆடி மாதம்.

"கால் முடியலடா. நீ வந்து வாசல்ல நின்னு கூப்புடு. நானும் டீ குடிச்சு நாளாச்சு" என்று பதில் வந்தது, மாட்டுப்பொங்கலன்று.